‘இன்னும் தெரியவில்லை’ என்னும் விடை

சிகிச்சை முடிந்து ஓராண்டோ ஈராண்டோ கழிந்த பின் எடுக்கப்படும் ஸ்கேன் அறிக்கையில் ‘ஐயத்திற்குரியது’, ‘நோய் மீண்டும் வந்திருக்கும் வாய்ப்பை விலக்க இயலாது’ என்னும் சொற்கள் இடம்பெற்றுவிட்டால், அன்றிரவு அந்த வீட்டில் எவரும் உறங்குவதில்லை. இப்போதெல்லாம் அறிக்கை மருத்துவரின் மேசைக்கு வருமுன்னரே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ இரவு ஷிப்டில் இருப்பவர், தேநீர் இடைவேளையில் தனியே நின்று அதைப் படிக்கிறார். ஐயம் எழுப்பும் அறிக்கையை, அதை விளக்கக்கூடியவர் உடனிருக்கும்போதுதான் நோயாளி முதன்முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அச்சொற்கள் தீர்ப்பல்ல. படத்தை மட்டும் பார்த்து எழுதும் கதிரியக்க மருத்துவர், தாம் கண்டதற்கு எத்தனை காரணங்கள் இருக்கலாம் என்று நேர்மையாகக் குறிப்பிடும் முறை அது. பெட் ஸ்கேனில் ஒளிரும் இடமெல்லாம் புற்றுநோய் அன்று. சர்க்கரையை மிகுதியாக உட்கொள்ளும் எந்தத் திசுவும் அதில் ஒளிரும். ஆறிவரும் அறுவைக் காயம் ஒளிரும். கதிர்வீச்சால் அழற்சியுற்ற நுரையீரல் ஒளிரும். நம் நாட்டில் மறக்கக்கூடாத ஒன்று காசநோய்: நெஞ்சுப் பகுதியில் வீங்கிய நெறிக்கட்டி, புற்றுநோயைப் போலவே ஒளிர்ந்து, ஊசி வழியே எடுத்த திசுவைச் சோதித்த பின் காசநோய் என்று தெரியவருவதுண்டு. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 12 வாரங்கள் கழித்தே பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்வதும் இத்தகைய பொய்யொளியைத் தவிர்க்கத்தான்.

ஆகவே பல வேளைகளில் எங்களிடம் உள்ள உண்மையான விடை ‘இன்னும் தெரியவில்லை’ என்பதே. இதைச் சொல்ல மருத்துவர்கள் தயங்குகிறோம். கேட்பவர்களும் அதை மழுப்பல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தயக்கமின்றிச் சொல்லப்பட வேண்டிய விடை அது. ஆனால் அத்தோடு நிறுத்தக்கூடாது. எதனால் ஐயம் எழுந்தது, அடுத்து எந்தச் சோதனை, அதன் முடிவு எந்த நாளில் வரும், அதுவரை எந்த அறிகுறி தோன்றினால் காத்திராமல் வர வேண்டும் என்பவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லையற்ற காத்திருப்பைவிட ‘வரும் வியாழக்கிழமை வரை’ என்னும் காத்திருப்பை மனம் தாங்கிக்கொள்கிறது.

இம்மாவட்டத்து மக்களுக்கு ஒரு வரலாறு நினைவிருக்கும். காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை பெற்று, நவம்பரில் தாயகம் திரும்பினார். பணிகளிலும் ஈடுபட்டார். சில வாரங்களிலேயே உடல்நலம் மீண்டும் குன்றியது. 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காலமானார். அப்போது சி.டி. ஸ்கேன் என்பதே கிடையாது. முதல் நோயாளிக்கு அது எடுக்கப்பட்டது 1971-இல், இங்கிலாந்தில். அவர் பெயரைத் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இன்று காரப்பேட்டையில் இயங்குகிறது. அந்நாளில் நோய் பேருருவம் எடுத்த பின்பே தெரிந்தது. இன்று சில மில்லிமீட்டர் அளவிலான புள்ளியே நம்மை ஐயத்தில் ஆழ்த்துகிறது. கருவிகள் கூர்மையாக ஆக, ‘தெரியாத காலம்’ குறையவில்லை, முன்னே நகர்ந்திருக்கிறது. அதில் ஆதாயமும் உண்டு. பெருங்குடல் புற்றுநோய் மீண்டு கல்லீரலில் ஓரிரு இடங்களில் மட்டும் இருக்கும்போதே கண்டறிந்தால், அறுவையால் முற்றும் நலமடைவோர் உண்டு. சில வகை நிணநீர்ப் புற்றுநோய்கள் மீண்டும் வந்தாலும் குணப்படுத்தக்கூடியவை. ‘மீண்டும் வந்தால் முடிந்தது’ என்னும் பேச்சு எல்லா நோய்க்கும் பொருந்தாது.

அதற்காக மாதந்தோறும் ஸ்கேன் எடுத்தால் நிம்மதி கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்களிடம் இத்தாலியில் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான இரு ஆய்வுகளில், அறிகுறி இல்லாதபோதும் அடிக்கடி எலும்பு ஸ்கேனும் பிற சோதனைகளும் செய்துகொண்டவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. அத்தகையோருக்கு மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் ஆண்டுக்கொரு மேமோகிராமும் போதுமானவை. எது வேண்டும் என்பது நோயின் வகையைப் பொறுத்தது; பக்கத்து வீட்டாருக்கு எழுதிய சோதனையை நாமும் கேட்டு வாங்குவதில் பயனில்லை. அதேபோல், ‘ஊசி குத்தினால் பரவிவிடும்’ என்று திசுச் சோதனையை மறுப்பவர்களை இன்றும் காண்கிறோம். ஐயத்தைத் தீர்க்கும் வழியை அடைத்துவிட்டு ஐயத்தோடு வாழ்வது இரட்டைத் துன்பம்.

குடும்பத்தாரிடம் ஒரு சொல். ‘அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்’ என்று வாசலிலேயே எங்களை மறித்துக் கேட்கிறீர்கள். அன்பினால்தான், ஐயமில்லை. ஆனால் ஒருமுறை கீமோதெரபி பெற்றவருக்கு, மறுபடியும் எதற்காக ஸ்கேன் என்று ஊகிக்கத் தெரியாதா? அவரும் உங்களுக்காக நடிக்கத் தொடங்குகிறார். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே அழுவதைவிட, அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்டுவிடுவது நல்லது. விரிவாக வேண்டாம் என்று அவரே சொன்னால், அது அவர் உரிமை.

இப்பகுதியில் அச்சத்துக்குச் சமமாக நிற்கும் இன்னொரு கவலை, சம்பளம். ஒப்பந்தப் பணியாளருக்கு ஒரு நாள் விடுப்பு ஒரு நாள் கூலி. இ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்து, உரிய பங்களிப்புத் தகுதியும் உடையவர்கள், மருத்துவச் சான்று பெற்ற நாள்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டில் 91 நாள் வரை பெறலாம். நோய் மீண்டது உறுதியாகி, ஈராண்டுகள் தொடர்ந்து உறுப்பினராக இருந்தவர் என்றால், நீட்டித்த உதவியாக 80 விழுக்காடு இரண்டாண்டு வரை உண்டு. முடிவு வரட்டும் என்று காத்திராமல், அட்டையையும் பழைய சிகிச்சைத் தாள்களையும் இப்போதே ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட் ஸ்கேனுக்கு நாள் குறித்தவர்கள் முந்தைய நாள் சுமை தூக்கும் பணியையும் கடுமையான உடலுழைப்பையும் தவிர்க்க வேண்டும்; உழைத்த தசைகளும் சர்க்கரையை இழுத்துப் படத்தில் ஒளிர்ந்து குழப்பும். ஏறத்தாழ 6 மணி நேரம் உணவின்றி வர வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். நீரிழிவு மருந்து உட்கொள்வோர் முதல் நாளே எங்கள் செவிலியரிடம் தெரிவித்து, வேளையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் முடித்த கையோடு நேரே வந்துவிட வேண்டாம்.