ஒரு மாணவி, மூன்று வளாகம்: யார் பொறுப்பு?

சமுதாயக் கல்லூரி என்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கிய முயற்சி அது. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள், கிராமத்துப் பெண்கள் ஆகியோருக்குக் கைத்தொழிலும் சான்றிதழும் தருவதே அதன் நோக்கம். காலனியிலிருந்து வரும் நம் பிள்ளைகள் பலர் மிதிக்கும் முதல் கல்லூரி வாசல் இதுதான்.

இந்தக் கல்லூரிகள் ஒரே கட்டடத்துக்குள் அடங்குவதில்லை. பாட வகுப்பு ஓரிடம், தொழிற்பயிற்சி வேறோர் அலுவலகம் அல்லது பட்டறை, தேர்வு இன்னோர் ஊர் மையம் என்று அலைய வேண்டியிருக்கும். மாற்றுத்திறனாளி மாணவருக்கு அந்த அலைச்சலே படிப்பை முடித்துவிடுகிறது.

கணினிப் பயிற்சியில் சேர்ந்த, பார்வையற்ற ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அப்பா கூலித் தொழிலாளி. வகுப்பறைக் கணினியில் எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது. பயிற்சிக்கு அனுப்பிய இடத்தில் அது இல்லை. தேர்வு மையத்துக்குப் போனால், "சொல்வதை எழுத ஆள் வேண்டுமென்று எங்களுக்குத் தகவலே வரவில்லையே" என்கிறார்கள். தலைமை வளாகத்தைக் கேட்டால் மையத்தைக் கைகாட்டுகிறார்கள். மையத்தைக் கேட்டால் தலைமை வளாகத்தை. ஒவ்வொரு முறையும் துணைக்கு வரும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. நான்காவது முறை அந்தக் குடும்பம் என்ன முடிவெடுக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இது சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாத மற்றவர்களில் அது 2.18 சதவீதம். ஆபத்தான வேலையும், சத்தில்லாத சாப்பாடும், காலம் கடந்து கிடைக்கும் வைத்தியமும் யார் பங்குக்கு அதிகம் வருகின்றன என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் உதவி என்று வரும்போது இவர்கள் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் விழுந்துவிடுகிறார்கள். கல்வி உதவித்தொகைக்கு ஆதிதிராவிடர் நலத்துறை, உதவிக் கருவிக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையில் மாற்றுத்திறனாளிக்குப் படித்தொகை 10 சதவீதம் கூடுதல் என்று விதி இருக்கிறது. சாதிச் சான்றிதழை மட்டும் பார்த்து விண்ணப்பத்தை அனுப்பிவிடும் கல்லூரியில் அந்த 10 சதவீதம் யார் கண்ணுக்கும் படாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. எழுதுபவரை வைத்துத் தேர்வு எழுதுவோருக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் நெறிமுறை சொல்கிறது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் கூடுதலாக ஒரு மணி நேரம். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய அந்தச் சட்டம் கொடுத்த ஐந்தாண்டு கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. இந்த விதிகளில் எதுவும் தலைமை வளாகத்துக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை.

ஆகவே நாம் கேட்பது இவை. எத்தனை வளாகம் இருந்தாலும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரே பொறுப்பு அலுவலர் வேண்டும். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் எல்லா மையங்களின் பலகையிலும் இருக்க வேண்டும். மாணவருக்கு என்ன உதவி தேவை என்பதைச் சேர்க்கையின்போதே ஒரு தாளில் எழுதி, அவர் போகும் பயிற்சி இடத்துக்கும் தேர்வு மையத்துக்கும் முன்கூட்டியே கல்லூரியே அனுப்ப வேண்டும். சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும் இல்லாத இடத்துக்கு அந்த மாணவரைப் பயிற்சிக்கு அனுப்பக் கூடாது. அதைக் காரணம் காட்டிப் பயிற்சியே இல்லாமல் நிறுத்தவும் கூடாது. வேறு இடம் தேடித் தருவது கல்லூரியின் வேலை. இரு துறைகளும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே நாளில் கல்லூரிக்கு வந்து சேர்ந்து முகாம் நடத்த வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. தேவையை எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். அரசு மற்றும் அரசு உதவிபெறும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும்; பதிவான புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். தனியார் கல்லூரியில் மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். மனு எழுதத் தெரியாத வீட்டுக்கு, அந்தத் தெருவில் படித்த பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும்.

பொது வழியில் நடக்கவும் பள்ளியில் உட்காரவும் போராடிய மக்கள் நாம். நம் வீட்டுப் பிள்ளை கல்லூரிப் படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிடுவதை நாம் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?