சங்கிலி போட்ட புத்தகங்கள்

கண்ணாடி பீரோ என்பது நம் ஊர்க் கல்லூரிகளில் ஒரு கல்வித் தத்துவம். உள்ளே தடிதடியாகப் புத்தகங்கள். கதவில் பூட்டு. சாவி துறைத் தலைவரிடம். துறைத் தலைவர் லீவில்.

நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும்) அப்படி ஒரு பீரோ இருந்தது. மூன்று வருஷமும் அதிலுள்ள புத்தகங்களின் முதுகை மட்டும் படித்தேன். ஒருநாள் துணிந்து கேட்டதற்கு அட்டெண்டர், "எடுத்துக் கொடுத்துட்டு நாளைக்குத் தொலைஞ்சு போச்சுன்னா ஆடிட்டுக்கு யார் தம்பி பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. அந்த வருஷம் ஸ்டாக் சரிபார்த்தபோது ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. கறையான் புத்தகத்தை வெளியே எடுத்துப் போகவில்லையே. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது.

இந்த பீரோ வியாதிக்கு மருந்து கண்டுபிடித்தவர் ஒரு சீர்காழிக்காரர். மருந்தின் முதல் வரியை எடுத்துக் கொடுத்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். இரண்டு பேரும் கணக்கு வாத்தியார்கள். இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி.

கிறிஸ்துவக் கல்லூரி என்றதும் உங்களுக்குத் தாம்பரமும் மரங்களும் ஞாபகம் வரும். அதெல்லாம் 1937-க்குப் பிறகு. அதற்கு முன் நூறு வருஷம் அது ஜார்ஜ் டவுன் நெரிசலில்தான் இருந்தது. 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற பாதிரியார் பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது. பின்னால் வில்லியம் மில்லர் வந்து அதைப் பெரிய கல்லூரியாக்கினார். நடத்தியது மிஷன்தான். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் குடுமியும் நாமமும் விபூதியுமாக வந்த பிள்ளைகள். காலையில் பைபிள் வகுப்பு, சாயங்காலம் வீட்டில் சந்தியாவந்தனம். இரண்டுக்கும் நடுவில் கால்குலஸ்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ராதாகிருஷ்ணன். ஆமாம், பின்னால் ஜனாதிபதி ஆனவரேதான். அவர் தத்துவம் படிக்க வந்த கதை தெரியுமோ? ஞானதிருஷ்டி எல்லாம் இல்லை. அதே கல்லூரியில் தத்துவம் படித்து முடித்த உறவுக்காரப் பையன் ஒருவன் தன் பழைய பாடப் புத்தகங்களை இவரிடம் கொடுத்தான். வசதியில்லாத குடும்பம். புத்தகம் இலவசமாக வந்த சப்ஜெக்ட் எதுவோ அதுவே விருப்பப் பாடம் ஆயிற்று. அந்தப் பையன் மட்டும் தாவரவியல் படித்திருந்தால், இந்தியத் தத்துவத்துக்கு நஷ்டம், செம்பருத்திக்கு லாபம்.

1908-ல் எம்.ஏ.வுக்காக ராதாகிருஷ்ணன் ஒரு கட்டுரை எழுதினார். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை என்று மிஷனரிகள் சொல்லிக் கொண்டிருந்ததற்குப் பதில். அதை எழுதியது எங்கே? மிஷனரி கல்லூரியில். மதிப்பிட வேண்டியவர் யார்? ஏ.ஜி. ஹாக் என்ற மிஷனரிப் பேராசிரியர். பையனுக்கு உள்ளூர உதறல். ஹாக் படித்தார். பாராட்டிச் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். தன் கட்சியை எதிர்த்து எழுதியவனுக்கு நல்ல மார்க் போடுகிற வாத்தியார் கிடைப்பது எந்த மதத்திலும் அபூர்வம்.

*

இப்போது கணக்கு வாத்தியார்களுக்கு வருவோம்.

எட்வர்ட் பி. ராஸ் கிறிஸ்துவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர். ராமானுஜனைத் தெரிந்தவர். ஒருநாள் கண்கள் பளபளக்க வகுப்புக்குள் பாய்ந்து வந்து, "ராமானுஜனுக்குப் போலிஷ் பாஷை தெரியுமா?" என்று கேட்டாராம். பையன்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயம் இதுதான். அன்றைய தபாலில் போலந்துக்காரர் ஒருவருடைய கட்டுரை வந்திருந்தது. அதிலிருந்த விஷயத்தை அதற்கு முன்பே ராமானுஜன் தன் அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டார். போலிஷ் தெரியாமலே. தபாலில் வந்த பத்திரிகையை அன்றைக்கே பிரித்துப் படித்து, அன்றைக்கே வகுப்புக்கு ஓடுகிற மனிதர் ராஸ். ரிஜிஸ்தரில் ஏற்றி, சீல் குத்தி, பீரோவில் வைத்துப் பூட்டுகிற ரகம் இல்லை.

அவருடைய மாணவர் ஷியாலி ராமாமிர்த ரங்கநாதன். சுருக்கமாக எஸ்.ஆர்.ஆர். ஷியாலி என்பது வெள்ளைக்காரன் வாயில் அகப்பட்ட சீர்காழி. 1892-ல் பிறந்தவர். ராஸிடம் படித்துக் கணிதத்தில் எம்.ஏ. வாங்கி, மங்களூர், கோவை, சென்னை என்று கல்லூரிகளில் கணக்கு சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார்.

1923-ல் சென்னைப் பல்கலைக் கழகம் லைப்ரரியன் தேவை என்று விளம்பரம் செய்தது. 900 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். நூலகப் படிப்பு படித்தவர் ஒருத்தர்கூட இல்லை. ரங்கநாதனும் போட்டு வைத்தார், மறந்தும் போனார். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதும்தான் என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவை எடுத்து, 'நூலகம்' பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார். வேலை கிடைத்தது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயம்தான்: கடைசி நேரப் படிப்பு, முதல் ராங்க்.

1924 ஜனவரியில் போய் உட்கார்ந்தார். ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை. வகுப்பறைக் கலகலப்பில் இருந்தவருக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. சில வாரங்களிலேயே திரும்பி ஓடினார். "எனக்குப் பழைய வாத்தியார் வேலையே கொடுத்துடுங்கோ." பெரியவர்கள் ஓர் ஒப்பந்தம் பேசினார்கள். லண்டனுக்குப் போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கணக்கு வேலை உனக்குத்தான்.

போனார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார். தொழிலாளியும் குழந்தையும் சர்வ சாதாரணமாக உள்ளே வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். 1925-ல் திரும்பி வந்தவர் கணக்கு வேலையைக் கேட்கவே இல்லை. அடுத்த சுமார் இருபது வருஷம் தினமும் பதின்மூன்று மணி நேரம், வாரம் ஏழு நாள், லீவே போடாமல் வேலை பார்த்தார் என்று சொல்வார்கள். நடுவில் கல்யாணம். காலையில் தாலி கட்டி, மத்தியானம் லைப்ரரி. அந்தப் பெண்மணி சாரதாவுக்குத்தான் கோயில் கட்ட வேண்டும். (பிற்பாடு அவர் பெயரில் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார். கட்டியது ஒரு விதத்தில் கோயில்தான்.)

1928-ல் ரங்கநாதனைக் குடைந்து கொண்டிருந்தது ஒரு கேள்வி. நூலகத்தில் ஆயிரம் வேலை நடக்கிறது. அடுக்குகிறோம், எண் போடுகிறோம், இரவல் தருகிறோம். இத்தனைக்கும் அடியில் நியூட்டன் விதி மாதிரி நாலைந்து விதிகள் இருக்க வேண்டாமா? பழைய மாணவனைப் பார்க்க வந்த ராஸிடம் இதைச் சொன்னார். ராஸ் ஒரு நிமிஷத்தில் முடிச்சை அவிழ்த்தார். நீ சொல்ல வருவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. அதுதானே உன் முதல் விதி?

அவ்வளவுதான். மற்ற நான்கும் மளமளவென்று பின்னால் வந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளர்கிற ஓர் உயிர். 1931-ல் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்று புத்தகமாக வந்தது. இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் நூலகப் படிப்பு படித்தாலும் இந்த ஐந்தைத் தாண்டாமல் பாஸ் பண்ண முடியாது.

'புத்தகம் படிக்கத்தானே, இதைச் சொல்ல ஒரு விஞ்ஞானி வேண்டுமா?' என்று நீங்கள் நினைக்கலாம். வேண்டியிருந்தது ஸார். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் புத்தகத்தை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள். நாயைக் கட்டுகிற மாதிரி. நாயைக் கட்டுவது மனிதனைக் கடிக்கும் என்று. புத்தகத்தைக் கட்டியது மனிதன் கடத்திவிடுவான் என்று. கையால் எழுதிய காலத்தில் ஒரு புத்தகம் ஒரு சொத்து. அச்சு வந்து விலை குறைந்த பிறகும் சங்கிலி உடனே போகவில்லை. இரும்பு போனபோதும் மனசில் இருந்தது தங்கிவிட்டது. நம் கண்ணாடி பீரோ அந்தச் சங்கிலியின் கொள்ளுப் பேத்தி.

ரங்கநாதன் பல்கலைக் கழக நூலகத்தில் வாசகர்களை அலமாரி வரைக்கும் விட்டார். நீயே போய் எடு, புரட்டு, பிடித்தால் எடுத்துப் போ. திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். தம்முடைய குருநாதரையும் மறக்கவில்லை. கிறிஸ்துவக் கல்லூரியில் ராஸ் பெயரால் கணித மாணவருக்கு ஓர் உதவித்தொகை ஏற்படுத்தினார். ராஸ் கையிலிருந்து ரங்கநாதன் கைக்கு வந்தது, அடுத்த பையன் கைக்குப் போயிற்று.

கல்லூரி நூலகம் என்பதே இந்தக் கை மாறுதல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உறவுக்காரப் பையன் கொடுத்த பழைய புத்தகம், வாத்தியார் கொண்டு ஓடி வந்த போலந்துத் தபால், சாயங்காலப் பேச்சில் கிடைத்த ஒரு வரி. இதெல்லாம் எந்த ஸ்டாக் ரிஜிஸ்தரிலும் ஏறாது. ஆனால் இதெல்லாம் இல்லாவிட்டால் மிச்சமிருப்பது காகிதமும் பைண்டிங்கும்தான்.

*

இப்போது தாம்பரத்தில் அந்தக் கல்லூரியின் நூலகத்துக்கு மில்லர் பெயர். புதர்க்காடாகக் கிடந்த இடத்தில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் மனைவி ஆலிஸும் வளர்த்த மரங்கள் இன்றைக்கும் நிழல் தருகின்றன. சேலையூர் ஹால், தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று விடுதிகளுக்குள் பரம்பரைப் போட்டி. எந்த ஹால்காரனாக இருந்தாலும் பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரே மேஜைதான்.

காலம் மாறிவிட்டது. இன்றைய மாணவன் கையில் ஃபோன் இருக்கிறது, அதில் உலகமே இருக்கிறது, என்கிறார்கள். உண்மைதான். ஆனால் நல்ல ஆராய்ச்சிக் கட்டுரையைத் தொட்டுப் பாருங்கள். 'சந்தா கட்டினால் திறக்கும்' என்று டாலரில் ஒரு தொகை சொல்லும். பீரோ சாவி பாஸ்வேர்ட் ஆகியிருக்கிறது. கல்லூரி சந்தா கட்டியிருந்தால் பையன் படிப்பான். அந்த பாஸ்வேர்டை அவனிடம் சொன்னால்! பல இடங்களில் தரப் பரிசோதனைக் குழு வரும் வாரம்தான் அதைத் தூசி தட்டி எடுக்கிறார்கள்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தின் விலை என்பது மெஸ் பில்லில் பாதி. அப்பாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு ஜெராக்ஸ் கடையில் நிற்கும். அந்தப் பிள்ளைக்கு நூலகம்தான் பணக்கார உறவுக்காரர். அவர் வீட்டுக் கதவே பூட்டியிருந்தால் அது எங்கே போகும்?

உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ரங்கநாதன் விடாமல் துரத்தியதில் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்க வழி செய்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். காசு கொடுத்துவிட்டு சாப்பிடாமல் வருகிற ஒரே ஹோட்டல் அதுதான். ஒரு நடை போய்க் கேளுங்கள். கேட்டால்தான் பீரோ திறக்கும்.

புத்தகம் வெளியே போனால் தொலைந்துவிடும் என்று இன்னும் பயப்படுகிறவர்களுக்காக வேறொரு கல்லூரியின் கதை. அமெரிக்காவின் ஹார்வர்ட். பாதிரியார்களைத் தயாரிக்கவென்று தொடங்கியது. 1638-ல் ஜான் ஹார்வர்ட் என்ற பாதிரியார் இறக்கும்போது சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் எழுதி வைத்தார். அதனால்தான் அந்தப் பெயர். 1764 ஜனவரியில் ஒரு பனி இரவில் நூலகக் கட்டடம் தீப்பிடித்தது. அவர் கொடுத்தவற்றில் தப்பியதாகத் தெரிவது ஒரே ஒரு புத்தகம். காரணம், அன்றைக்கு அது நூலகத்தில் இல்லை. யாரோ வெளியே எடுத்துப் போயிருந்தார்கள்.

எடுத்துப் போன மாணவன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான் என்றும், கல்லூரித் தலைவர் மிக்க நன்றி சொல்லி வாங்கிக் கொண்டு, அனுமதியில்லாமல் எடுத்துப் போன குற்றத்துக்காக அவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பினார் என்றும் கூடுதலாக ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது.

ஆனால் நம்பக் கஷ்டமாகவும் இல்லை.