யாரைத் தெரியும் உங்களுக்கு?

சென்னை புளியந்தோப்பில் குழாயில் சாக்கடை கலந்து வந்தால் "புகார் கொடுத்தியா?" என்று யாரும் கேட்பதில்லை. "வட்டத்தைப் பாத்தியா?" என்றுதான் கேட்கிறார்கள். வட்டம் என்றால் கட்சியின் வட்டச் செயலாளர்.

எங்கள் தெருவிலும் அப்படி வந்தபோது புகார் எண்ணுக்குப் போன் போட்டோம். இரண்டு நாளில் 'சரிசெய்யப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. குடத்தில் அதே கறுப்புத் தண்ணீர், அதே நாற்றம். பிறகு எதிர்வீட்டு அக்காவின் தம்பி, தனக்குத் தெரிந்த கட்சிக்காரரிடம் பேசினார். சாயங்காலமே அடைப்பெடுக்கிற லாரி தெருவில் வந்து நின்றது. அப்படியென்றால் லாரியும் ஆளும் முதல் நாளே இருந்திருக்கிறார்கள்தானே? குடிதண்ணீர் நம் உரிமை. அதை உதவியாக வாங்க வைத்துவிட்டார்கள். வாங்கியவர் நாளைக்கு அந்தக் கட்சிக்காரரை எதிர்த்துக் கேள்வி கேட்க முடியுமா? வாயை அடைக்க ஒரு லாரி போதுமாக இருக்கிறது.

இங்கேயே கேசவப் பிள்ளை பூங்கா குடியிருப்பில் 2021 ஆகஸ்ட்டில் என்ன நடந்தது? அரசு கட்டிய புதுக் கட்டடம். கையால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. குடிவந்த ஜனங்கள் சொன்னபோது அசையாத விஷயம், வீடியோ பரவி, டிவி கேமரா வந்து, சட்டமன்றத்தில் பேசப்பட்ட பிறகுதான் ஆய்வு வரை போனது.

மேலே போனாலும் இதே கதைதான். 1974இல் கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் நல்ல நட்பில் இருந்தவர்கள். இரண்டு தலைவர்களின் உறவு செழித்தது. அந்தக் கடலில் வலை வீசிப் பிழைத்தவர்களை யார் கேட்டார்கள்? இன்றும் ராமேசுவரத்துப் படகுகள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால், டெல்லியில் யாராவது பேச மாட்டார்களா என்று குடும்பங்கள் காத்துக் கிடக்கின்றன.

மனிதருக்கு மனிதர் பழக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழக்கம் இல்லாதவனுக்கும் வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். மத்தியப் பிரதேசத்தில் 2010லேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பட்டியலில் உள்ள சேவையைக் குறித்த நாளுக்குள் தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம். அதுபோல ஒன்று நமக்கும் வேண்டும். அதில் குடிதண்ணீரும் சாக்கடையும் முதல் வரியில் இருக்க வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் "எங்களுக்கு யாரையும் தெரியாது, அப்பவும் தண்ணி வருமா?" என்று கேளுங்கள். பதில் வாங்காமல் அனுப்பாதீர்கள்.