கருணை போதுமா?



மங்களூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விண்ணப்பத்தில் 'நாட்டுரிமை' என்ற இடத்தில் யோசிக்காமல் 'இந்தியன்' என்று எழுதினேன். பக்கத்திலிருந்த முகாம் நண்பனின் பேனா அங்கேயே நின்றுவிட்டது. அவனும் தமிழ்நாட்டில் பிறந்தவன்தான்! ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இங்கே பிறந்தது மட்டும் போதாதாம். பெற்றோரின் குடியுரிமையையும் பார்ப்பார்களாம்.

அவன் தாத்தா 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர். தமிழராய்ப் பிறந்தது மட்டுமே அவர் செய்த குற்றம். இனத்துக்காகவோ அரசியல் கருத்துக்காகவோ துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தில் நாட்டைவிட்டு வெளியேறி, திரும்ப முடியாதவர் அகதி என்கிறது 1951 ஐ.நா. உடன்படிக்கை. இந்தியா அதில் சேரவில்லை. தனி அகதிச் சட்டமும் இங்கே இல்லை. கனடாவில் இப்படி வருபவரின் மனுவை விசாரித்து முடிவு சொல்லத் தனி வாரியமே இருக்கிறது. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை.

"நம்ம பிள்ளைகளுக்கே வேலை இல்லையே" என்பார்கள் சிலர். அவன் நம்ம வேலையைக் கேட்கவில்லையே! முகாமில் வீடும் உதவித்தொகையும் கொடுக்கிறோம், நல்லதுதான். ஆனால் அது கருணை. கொடுத்தவர் மனசு மாறினால் போய்விடும். சட்டம் தரும் உரிமை அப்படிப் போகாது.

அந்தக் காலியிடத்தை நிரப்ப நாமும் குரல் கொடுப்போமா?

— இரண்டாம் ஆண்டு மாணவன், பீங்கான் தொழில்நுட்பம்