மேயருக்குத் தெரியாத நகரம்

கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்தவனுக்கு நகரம் கட்டும் வீடியோ விளையாட்டு அலுப்பதேயில்லை. 1989இல் வில் ரைட் உருவாக்கிய சிம்சிட்டி தொடங்கி 2015இல் வந்த சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் வரை விதி ஒன்றுதான்: வெறும் நிலத்தில் வீதி போட்டு, குடியிருப்பு வலயம் குறித்தால் ஆட்கள் தாமாக வந்து குடியேறுவார்கள். அவர்களுக்கு இனமுமில்லை, சமயமுமில்லை. 1993இல் வந்த ‘சிம்சிட்டி 2000’ விளையாட்டில் தீ, வெள்ளத்தோடு கலவரமும் ஓர் அனர்த்தம். மேயராக ஆடுபவர் பொலிசை அனுப்பி அடக்கலாம். ஆனால் 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலோடு வந்தவர்கள் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். பல இடங்களில் பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு அந்தத் திரையில் பட்டன் கிடையாது. சரித்திர விளையாட்டும் அப்படித்தான். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2, 2022இல் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைத் தந்தபோது நானும் சோழரின் புலிக்கொடிப் பெருமையில் மிதந்தேன். ஆனால் அங்கே எதிரியின் ஊர் என்பது பிடிக்கவோ இடிக்கவோ மட்டும்தான். விளையாட்டாக இவை அருமை. நகரப் பாடமாக அரைகுறை. வெள்ளவத்தையில் அன்று எரிந்த ஒழுங்கைகளில் இன்று அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. எரிந்த இடத்துக்கே திரும்பிவரும் மனிதரை நான் ஆடிய எந்த விளையாட்டும் கணக்கில் எடுக்கவில்லை.