கூண்டு நமக்கு, சால்வை யாருக்கு?

முயல் வளர்த்தால் வருமானம் வீடு தேடி வரும் என்று சொல்லும் காணொளிகள் நம் இளைஞர்களின் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கறிக்கு வளர்க்கும் முயலோடு, ரோமத்துக்கு வளர்க்கும் அங்கோரா முயலையும் காட்டுகிறார்கள். பஞ்சுப்பொதி போன்ற வெள்ளை முயல். அதன் ரோமத்தில் நெய்த சால்வைக்கு நகரக் கடைகளில் நல்ல விலை. நிலம் வேண்டாம், கூண்டு வைக்க நாலு முழம் இடம் இருந்தால் போதும் என்கிறார்கள்.

நிலமில்லாதவர்களுக்கு என்று சொல்லி வரும் தொழில் எதுவானாலும் முதலில் நம் தெருவுக்குத்தான் வரும். அதனால் கேள்வி கேட்க வேண்டியவர்களும் நாம்தான். ஒரு முயலுக்கும் ஒரு சால்வைக்கும் நடுவே எத்தனை படிகள் இருக்கின்றன? அதில் எந்தப் படியில் நம்மை நிறுத்தப் பார்க்கிறார்கள்?

குளிருக்குப் பிறந்த பிராணி

அங்கோரா என்பது துருக்கியின் தலைநகர் அங்காராவின் பழைய பெயர். இந்த முயலின் ரோமம் மாதத்துக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை வளரும். 75 முதல் 90 நாட்களுக்கு ஒருமுறை கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். இழையின் பருமன் 12 முதல் 14 மைக்ரான். நம் தலைமுடியின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இழைக்குள் காற்று தங்கும் வெற்றிடம் இருப்பதால் எடை குறைவு, கதகதப்பு அதிகம்.

அந்தக் கதகதப்புதான் இங்கே அதற்கு எமன். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காதுகள் வழியாகவே வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் வெப்பம் போனாலே தீவனம் எடுப்பது குறையும், ஆண் முயல் இனப்பெருக்கத் திறனை இழக்கும். உடம்பெல்லாம் கம்பளி போர்த்திய அங்கோராவின் பாடு இன்னும் மோசம். சென்னையில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்களிலும் இதே நிலைதான். ஓட்டு வீட்டின் தாழ்வாரத்திலோ தகரக் கொட்டகையிலோ இதை வளர்க்கச் சொல்வது நம் பணத்தோடு சேர்த்து ஒரு வாயில்லா ஜீவனையும் சாகடிக்கச் சொல்வதாகும்.

இந்தியாவில் இது நிலைத்த இடம் இமயமலை அடிவாரம். 1962-ல் ராஜஸ்தானின் அவிகாநகரில் அமைந்த மத்திய செம்மறியாடு மற்றும் ரோம ஆராய்ச்சி நிறுவனம், இமாச்சலப் பிரதேசத்தின் குலு அருகே கார்சாவில் உள்ள தன் கிளையில்தான் ஜெர்மன் அங்கோரா முயல்களைப் பேணுகிறது. தமிழ்நாட்டில் அதே நிறுவனத்தின் கிளை கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூரில் இருக்கிறது. அங்கே பாரத் மெரினோ செம்மறிகளும், ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற கறி முயல்களும் வளர்க்கப்படுகின்றன. கொடைக்கானல், நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளை விட்டால் தமிழ்நாட்டில் அங்கோராவுக்குத் தோதான இடம் கிடையாது. இதை மறைத்துவிட்டு முயல் விற்பவரை நம்பக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வளர்ந்த முயல் ஒன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 150 கிராம் அடர்தீவனம் வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ. இதோடு பசுந்தீவனம் தனி. பதிலுக்குக் கிடைக்கும் ரோமம், குளிர்ப் பகுதியில் நன்றாகப் பராமரித்தால், ஆண்டுக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ. அதிலும் நீளமான, சுத்தமான இழைக்குத்தான் முதல்தர விலை. சிறுநீர் பட்டுச் சிக்கு விழுந்ததை அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். பத்து முயல் வைத்திருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரை கிலோ ரோமத்தோடு நிற்பார். அதை வாங்க எந்த வியாபாரி தெரு தேடி வருவார்?

அப்படியானால் காணொளிக்காரர் எதில் சம்பாதிக்கிறார்? முயல் ஜோடியை நம்மிடம் விற்பதில். குட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்பார். அந்தக் குட்டிகளை அடுத்த ஊரில் இன்னொரு ஏழையிடம் விற்பார். புதிதாக வாங்க ஆள் இருக்கும்வரை இது ஓடும், பிறகு படுத்துவிடும்.

இதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாக வைத்து நடந்த ஈமு கோழி வியாபாரம் 2012-ல் சரிந்தது. வைப்புத்தொகை கட்டினால் குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம் என்றார்கள். நகையை விற்றும் கடன் வாங்கியும் பணம் கட்டியவர்கள் வீதிக்கு வந்தார்கள். பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டியிருந்தது.

உலகச் சந்தையும் நம் கையில் இல்லை. அங்கோரா ரோமத்தில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் வருகிறது. அங்கே முயல்கள் அலற அலற ரோமத்தைப் பிடுங்கும் காட்சிகளை 2013-ல் பீட்டா அமைப்பு வெளியிட்டது. எச் அண்ட் எம் உள்ளிட்ட பெரிய ஆடை நிறுவனங்கள் அங்கோராவைக் கைவிட்டன. அந்தக் கொடுமையை எதிர்த்தது நியாயம்தான். அங்கோரா போனால் வேறு ரகத்தை விற்கக் கடைக்காரருக்கு வழி உண்டு. கூண்டோடும் கடனோடும் நிற்பவருக்கு வழி இல்லை. சந்தை எப்போது சரிந்தாலும் முதல் அடி கீழ்ப்படியில் நிற்பவருக்குத்தான்.

தோளில் சால்வை, வாசலில் நாம்

இந்தப் படிக்கட்டு முயலோடு பிறந்ததல்ல. நம் சமூகம் பிராணிகளோடு செய்த எல்லா வேலையிலும் அது இருந்திருக்கிறது. மயிலாப்பூருக்கு வாருங்கள். மார்கழியில் சபாக்களில் மிருதங்கம் முழங்குகிறது. மாட்டுத் தோலும் எருமைத் தோலும் ஆட்டுத் தோலும் சேராமல் அந்த நாதம் இல்லை. அந்தத் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டித் தந்த கைகளில் பல, தலித் கிறித்தவக் குடும்பங்களின் கைகள். மேடையில் வாசித்தவர் தோளில் பொன்னாடை விழுந்தது. கட்டித் தந்தவர் பெயர் கச்சேரி அழைப்பிதழில் ஏறவில்லை. இந்தக் கைகளின் வரலாற்றை டி.எம்.கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக 2020-ல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்டிருந்த திருவான்மியூர் கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது.

அடையாறுக்கு வாருங்கள். அங்கே 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. தோல் பற்றிய அறிவியலில் உலகம் அறிந்த நிறுவனம். நம் பாட்டன் செய்தால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வேலை, ஆய்வுக்கூடத்துக்குள் போனதும் விஞ்ஞானமாகிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் அது ஏற்றுமதித் தொழிலாகிவிட்டது. ஆனால் ஈரத் தோலைத் தூக்குபவரும் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவரும் இன்றும் பெரும்பாலும் நம்மவர்கள்தான். தொழில் மேலே போனது, அதைச் செய்தவரின் இடம் மாறவில்லை.

தொழில்களில் மட்டுமல்ல, தொழில் செய்யும் மனிதர்களிடையேயும் சாதி படி கட்டுகிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். மாட்டுத் தோலுக்கு இருக்கும் தீட்டு முயல் ரோமத்துக்குக் கிடையாது. தியாகராய நகர் கடையில் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். தீட்டு இல்லாத இந்தப் பொருளிலும் கழிவு அள்ளுவது, கூண்டு கழுவுவது, சாகும் குட்டிக்குக் கடன் கட்டுவது மட்டும் நம் பங்காகவும், நூற்பது, நெய்வது, விற்பது மற்றவர் பங்காகவும் போனால் பழைய படிக்கட்டுக்குப் புதிய வெள்ளை அடித்தது போலத்தான் ஆகும்.

‘நிலம் வேண்டாம்’ என்ற சொல்

இந்த விளம்பரங்களில் நம்மை உறுத்த வேண்டிய சொல் ‘நிலம் வேண்டாம்’ என்பதுதான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-ல் பிறந்த ஆணையால் ஒதுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதை மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். நிலம் கேட்டு உயிர் கொடுத்த மண்ணில், நிலமே தேவையில்லாத தொழில் இது என்று நம்மிடம் விற்க வருகிறார்கள்.

நகரத்தில் கூண்டு வைக்கும் இடம்கூட நம்முடையது இல்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டதை நாடு பார்த்தது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு ஓரங்களில் தலைமுறைகளாக இருந்தவர்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். அந்த அடுக்குமாடிச் சிறு வீட்டில் பிள்ளை படிக்கவே இடமில்லை.

மலையில் குளிர் இருக்கிறது, நிலம் யாரிடம் இருக்கிறது? 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களுக்காக 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர், பணி ஓய்வு பெற்றதும் லய வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் இருக்கிறார். ரோம முயல் தமிழ்நாட்டில் வாழக்கூடிய ஒரே தட்பவெப்பத்தில் வாழும் நம் மக்களுக்கும் நாலு முழம் சொந்த இடம் இல்லை.

எதைக் கேட்க வேண்டும்?

முயல் வளர்ப்பையே நாம் மறுக்கவில்லை. நம்மைக் கூண்டோடு நிறுத்திவிடக் கூடாது என்கிறோம்.

முதலாவதாக, சமவெளி மாவட்டங்களில் அங்கோரா முயலுக்காகத் தாட்கோ வழியாகவோ வங்கி வழியாகவோ கடன் பரிந்துரைக்கக் கூடாது. எந்தக் கால்நடைக் கடனுக்கும், இந்த ஊர் தட்பவெப்பத்தில் இது பிழைக்குமா என்று கால்நடை மருத்துவர் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, திரும்ப வாங்குகிறோம் என்று ஒப்பந்தம் போடுபவர்கள் மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்து பிணைத்தொகை கட்ட வேண்டும்.

மூன்றாவதாக, மலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பட்டாவோடு வீடும் நிலமும் வேண்டும். அதன் பிறகு முயலோ ஆடோ, நூற்பு ராட்டையும் பின்னல் பயிற்சியும் சேர்ந்த பெண்கள் கூட்டுறவாக வரட்டும். அங்கோரா ரோமத்தில் ஆட்டு ரோமம் போல எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. கழுவாமலே நூற்கலாம். வழுக்கும் இழை என்பதால் ஆட்டு ரோமத்தோடு கலந்து நூற்பார்கள். கற்றுக்கொடுத்தால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய கைவேலை இது. ரோமமாக விற்றால் ஒரு விலை, நூலாக விற்றால் ஒரு விலை, சால்வையாக விற்றால் வேறொரு விலை. அந்த மூன்றாவது விலை நம் பெண்கள் கைக்கு வர வேண்டும்.

நான்காவதாக, நம் பெண்கள் குழுக்கள் செய்யும் எந்தப் பொருளானாலும், பூம்புகார், கோ-ஆப்டெக்ஸ் போன்ற அரசு விற்பனை நிலையங்களில் அதற்கென்று நிரந்தர இடம் வேண்டும். தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் மாநகராட்சிக் கடைகளை ஏலம் விடும்போது நமக்குரிய பங்கு கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024-ல் சட்டமே வந்துவிட்டது. 2023-ல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். அந்தப் பணம் எந்தப் படிக்குப் போகிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நம்மவர் எத்தனை பேருக்குக் கூண்டு கிடைத்தது, எத்தனை பேருக்கு நூற்பாலையும் தையல் கூடமும் கடையும் கிடைத்தன என்று பிரித்துக் கேளுங்கள்.

படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு சொல். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் சில நிறுத்தங்களில் தரமணி வந்துவிடும். அங்கே ஜவுளித் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் இருக்கிறது. அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நூலை எப்படி முறுக்குவது, துணியை எப்படி வடிவமைப்பது, எந்த விலைக்கு விற்பது என்பதெல்லாம் அந்தச் சுவர்களுக்குள் கற்றுத்தரப்படுகிறது. இட ஒதுக்கீடு உண்டு, கல்வி உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பு முடித்ததும் யாரோ காட்டும் காணொளியைப் பார்த்து அப்பாவைக் கடனாளியாக்குவதற்கு முன், அந்த வாசல்களில் ஒருமுறை விண்ணப்பப் படிவம் கேளுங்கள். ஊரில் முயலுக்குப் பணம் கட்டக் கிளம்பும் பெரியவர்களை உட்காரவைத்து, 55 கிலோ தீவனத்துக்கும் முக்கால் கிலோ ரோமத்துக்கும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பிராணிகளைப் பேணவும் அவற்றின் தோலையும் ரோமத்தையும் பக்குவப்படுத்தவும் நம் முன்னோர் யாரிடமும் கற்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு மறுக்கப்பட்டது அந்தப் பொருளுக்கு விலை சொல்லும் உரிமை. இனி நாம் செய்யும் எந்தத் தொழிலிலும் முதலில் கேட்க வேண்டியது அந்த உரிமையைத்தான்.