அடகு வைக்கப்பட்ட மைதானம்

நுழைவுச்சீட்டும் விளம்பரமும் ஈட்டும் வருவாய், சிறிய கால்பந்துக் கழகங்கள் பலவற்றில் வீரர்களின் ஊதியத்துக்கே போதுவதில்லை. பற்றாக்குறையை உரிமையாளரின் பணமோ கடனோ நிரப்புகிறது. மான்செஸ்டருக்கு அருகிலுள்ள பெரி நகரக் கழகம் 1885இல் தோன்றியது, எஃப்.ஏ. கோப்பையை இருமுறை வென்றது. அதன் மைதானமான கிக் லேன் கடனுக்காக அடகு வைக்கப்பட்டது. 2018 டிசம்பரில் கழகமே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019இல் ஊதியம் நிலுவையில் இருந்தபோதும் வீரர்கள் அணியை மேல்பிரிவுக்கு உயர்த்தினர். ஆயினும் ஆகஸ்ட் 27 அன்று அது லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது.

கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டோர் சிலர். இழப்பைச் சுமந்ததோ ஊர் முழுவதும். எக்ஸிட்டர் சிட்டி 2003 முதல் ரசிகர்களின் கூட்டுரிமையில் இயங்குகிறது. பற்றாக்குறை அங்கும் உண்டு. ஆனால், கணக்குக் கேட்கும் உரிமை உறுப்பினர்களிடம் இருக்கிறது. மைதானத்தை ஈடுவைக்கும் எந்த முடிவுக்கும் அவ்வுரிமையே முன்நிபந்தனையாக வேண்டும் என்கிறோம்.